கிளெண்டேல் மருத்துவரின் கணக்கு

டெங்கு பரவிய ஆண்டுகளில் 'பிளேட்லெட்' நம் வீடுகளில் அச்சத்தோடு உச்சரிக்கப்படும் சொல்லாயிற்று. குறைந்தால் ஆபத்து என்பதை அனைவரும் அறிவர். குறையாதிருந்து தன் கடமையைச் செய்யும்போதும் அது உயிரைப் பறிக்கக்கூடும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1882-இல் இத்தாலியின் தூரின் நகரில் ஜூலியோ பிட்சொசெரோ, உயிருள்ள விலங்கின் நுண்ணிய குருதிக்குழாயை நுண்ணோக்கியில் கவனித்தார். காயம்பட்ட சுவரில் முதலில் வந்து ஒட்டியவை நிறமற்ற சிறு தட்டுகள். அவற்றைச் சிலர் முன்பே கண்டிருந்தனர்; பணியை விளக்கியவர் இவரே. 'சிறு தட்டு' என்னும் பொருளிலேயே பெயரும் இட்டார். (நமது 'தட்டணு' நல்ல கலைச்சொல்தான், மருத்துவமனையில் சொன்னால் விழிப்பார்கள்.) இதயத் தமனியில் கொழுப்புப் படிவு வெடித்தால் தட்டணுக்கள் அதையும் காயமென்றே கருதி அடைக்க விரைகின்றன. அந்த அடைப்பே மாரடைப்பு.

இதையெல்லாம் ஆராயாமலே மருந்தைக் கண்டவர், கலிபோர்னியாவின் கிளெண்டேலில் பொது மருத்துவராயிருந்த லாரன்ஸ் கிரேவன். டான்சில் அறுவைக்குப் பின் வலிக்காக ஆஸ்பிரின் கலந்த சுயிங்கத்தை அளவுக்கு மீறி மென்றவர்களுக்குக் குருதி நிற்காமல் வடிவதைக் கண்டார். உறைவதைத் தடுக்கும் பொருள் மாரடைப்பையும் தடுக்காதா என்று எண்ணினார். தாமே ஆஸ்பிரினை மிகுதியாக விழுங்கி, மூக்கில் குருதி வடிவதையும் சோதித்தார். நடுவயது ஆண்களுக்கு நாள்தோறும் கொடுத்து, ஏறத்தாழ 8,000 பேரில் ஒருவருக்கும் மாரடைப்பு வரவில்லை என்று 1956-இல் எழுதினார்.

ஆஸ்பிரின் உண்ணாதோரோடு ஒப்பிடாத கணக்கு அது. வெளிவந்ததும் சிற்றிதழ் போன்றதொரு மருத்துவ ஏட்டில். (சிற்றிதழ்க்காரர்களான நமக்கு அந்த விதி புதிதல்ல.) 1957-இல் கிரேவன் மாரடைப்பால் இறந்தார். அவர் கருத்தும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

ஆஸ்பிரின் தட்டணுக்களை ஒட்டவிடாமல் தடுக்கிறது என்பது 1960-களின் இறுதியில்தான் தெளிவாயிற்று. 1971-இல் ஜான் வேன் அடிப்படையைக் காட்டினார்: புராஸ்டகிளாண்டின்கள் உருவாவதை அது தடுக்கிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. இழந்த நொதியைப் புதிதாக ஆக்க இயலாது. ஆகவே ஒருமுறை ஆஸ்பிரின் தீண்டிய தட்டணு, எட்டு முதல் பத்து நாள் கொண்ட தன் வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுதும் முடங்கியே கிடக்கும். சிறு மாத்திரை போதுமானதாயிருப்பதன் காரணம் இதுவே. 1988-இல் 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, ஐந்து வார இறப்பை அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்ததாகக் காட்டியது.

ஆயினும் தட்டணுவை முடக்கினால் வயிற்றிலும் மூளையிலும் குருதிக்கசிவு நேரலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் இன்றும் இன்றியமையாதது. நோயற்றவர்கள் 60 வயதுக்குமேல் முன்காப்பாக அதைத் தொடங்க வேண்டா என்று அமெரிக்க வல்லுநர் குழு 2022-இல் பரிந்துரைத்தது. கிரேவன் மாத்திரை கொடுத்த ஆண்களில் பெரும்பாலோர் அதுவரை இதயநோய் வராதவர்கள்.