சொகுசுக் கப்பல் பயணம்: முகவரிடம் பதிவதா, நேரடியாகப் பதிவதா?

ஈப்போ – பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கப்பல் ஏறுவது இப்போது ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட் பகுதி மக்களுக்கு எட்டாத ஒன்றல்ல. ஓய்வு பெற்ற பெற்றோரை ஒருமுறையாவது கடல் பயணம் அழைத்துச் செல்லப் பிள்ளைகள் பணம் சேர்க்கிறார்கள். பணம் சேர்ந்ததும் எழும் முதல் கேள்வி இதுதான்: ஊரில் உள்ள பயண முகவரிடம் கொடுப்பதா, கப்பல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் நாமே பதிவதா?

இரண்டிலும் நன்மை உண்டு, இரண்டிலும் சிக்கலும் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பதை அறிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், மனக்கசப்பும் இருக்காது.

நம் முன்னோரும் முகவர் வழியாகத்தான்

கப்பலும் முகவரும் தோட்டத் தமிழர்களுக்குப் புதிதல்ல. ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிதான் பலருக்கு முதல் பயண முகவர். கப்பல் செலவைக் கங்காணி முன்பணமாகக் கொடுப்பார். அது கடனாகி, தோட்டத்தில் உழைத்துத் தீர்க்க வேண்டியதாகிவிடும். 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணத்தில் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்ட பிறகே இலவசப் பயணச்சீட்டு கிடைத்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938இல் இந்திய அரசின் தடையால் முடிவுக்கு வந்தது.

அதன் பிறகும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல்கள் ஓடின. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலை 1970களின் தொடக்கம் வரை நம் தாத்தா, பாட்டிகள் பயன்படுத்தினார்கள். கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கதை இன்னும் பல வீடுகளில் உண்டு. சீட்டுக்கு உண்மையில் எவ்வளவு, அதில் இடையில் நின்றவருக்கு எவ்வளவு என்பது அன்று பலருக்குத் தெரியாது. இன்று அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

முகவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

முகவரிடம் போனால் விலை கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படியில்லை. கப்பல் நிறுவனமே முகவருக்குத் தரகுத் தொகை கொடுக்கிறது. ஆகவே அறைக் கட்டணம் இரு இடத்திலும் ஒன்றாகவே இருப்பதுண்டு. பல அறைகளை மொத்தமாக எடுத்து வைத்திருக்கும் முகவரிடம் சற்றுக் குறைவாகவும் கிடைக்கலாம். சிலர் இதற்கு மேல் தனியாகச் சேவைக் கட்டணம் வாங்குவார்கள். அது எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலை, பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஓர் ஆளுக்கானது. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு ஆள் கட்டணம் கட்ட நேரிடலாம். துறைமுகக் கட்டணம், ஒவ்வோர் இரவுக்கும் சேர்க்கப்படும் சேவைக் கட்டணம், இணைய வசதி, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு ஆகியவை பல வேளைகளில் தனி. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இவையெல்லாம் சேர்ந்தால் தொகை வெகுவாக ஏறிவிடும். எனவே இரண்டு இடத்திலும் எல்லாம் சேர்ந்த முழுத் தொகையைக் கேட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

முகவர் யாருக்கு நல்லது?

முதல்முறை போகிறவர்கள், மூத்தோரை அழைத்துச் செல்பவர்கள், பத்துப் பதினைந்து பேராகப் போகும் குடும்பங்கள் ஆகியோருக்கு முகவர் உதவியாக இருப்பார். அடுத்தடுத்த அறைகள், சக்கர நாற்காலி, சைவ உணவு போன்றவற்றைத் தமிழிலேயே சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளலாம். சிங்கப்பூரில் கப்பல் ஏறுவதென்றால் ஈப்போவிலிருந்து பேருந்து, முதல் நாள் தங்கும் விடுதி ஆகியவற்றையும் அவரே சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. முகவர் வழியாகப் பதிந்த பயணத்தில் மாற்றம் வேண்டுமென்றால் அவர் வழியாகத்தான் செய்ய முடியும். கப்பல் நிறுவனத்தை அழைத்தால், “உங்கள் முகவரிடம் கேளுங்கள்” என்றே பெரும்பாலும் பதில் வரும். பயணத்தை ரத்து செய்தால் நிறுவனம் பிடிக்கும் தொகையோடு முகவரும் தனியாகப் பிடிக்கலாம்.

நேரடிப் பதிவு யாருக்கு நல்லது?

முன்பே போய் வந்தவர்கள், இருவராக மட்டும் போகிறவர்கள், இணையத்தில் பணம் கட்டிப் பழகியவர்கள் நேரடியாகப் பதியலாம். அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதைத் தாங்களே பார்த்துத் தேர்வு செய்யலாம். கட்டிய பணம் யாரிடம் போனது என்பதில் குழப்பமில்லை. கடன் அட்டையில் கட்டியிருந்தால், சேவை கிடைக்காதபோது வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழியுண்டு.

இதிலும் ஒரு குறை உண்டு. பல கப்பல் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில், வழக்கு என்றால் வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான் என்று எழுதப்பட்டிருக்கும். பெரிய நிறுவனம் என்பதாலேயே எல்லாம் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. 1993இல் ஸ்டார் குரூசஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் கெந்திங் ஹாங்காங் என்று பெயர் மாறி, 2022 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றத்தில் மனு செய்தது. அதே ஆண்டு ஜூனில் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதிய நிறுவனம், கெந்திங் டிரீம் கப்பலைச் சிங்கப்பூரிலிருந்து இயக்கத் தொடங்கியது. முழுப் பணத்தையும் பல மாதங்களுக்கு முன்பே கட்டுவது ஏன் ஆபத்து என்பதற்கு இது ஒரு பாடம்.

உரிமம் இருக்கிறதா?

1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி, பயண முகவர் தொழில் நடத்த சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் வேண்டும். உரிம எண் கேபிகே/எல்என் அல்லது கேபிஎல்/எல்என் என்று தொடங்கும். அமைச்சின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். எஸ்எஸ்எம் பதிவு மட்டும் இருந்தால் அது பயண உரிமம் ஆகாது. உரிமம் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

புலனம், முகநூல் வழியாக ஆள் சேர்த்து, மாதம் இவ்வளவு என்று பணம் வாங்கும் “ஏற்பாட்டாளர்”களிடம் இன்னும் கவனம் தேவை. அவர் உறவினராக இருக்கலாம், கோயில் குழுவில் தெரிந்தவராக இருக்கலாம். அப்படியிருந்தாலும், பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் போகிறதா, தனியார் பெயரில் உள்ள கணக்கில் போகிறதா என்று பாருங்கள். கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதிக்கலாம். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். கப்பல் நிறுவனம் தரும் பதிவு எண்ணையும் கேளுங்கள். அது இருந்தால், அறை உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று நிறுவனத்திடமே விசாரிக்கலாம்.

பெயரும் கடப்பிதழும்

நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் பெயரில்தான். மலேசியக் கடப்பிதழில் பெயர் ஒரே வரியில், ஏ/எல் அல்லது ஏ/பி என்ற குறியோடு இருக்கும். இணையப் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும்; சாய்கோட்டை அது ஏற்காது. எப்படி நிரப்புவது என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே முறையில் எழுதுங்கள். பிறகு திருத்தினால் கட்டணம் வரலாம்.

பினாங்கில் ஏறிப் பினாங்கிலேயே இறங்கினாலும், இடையில் கப்பல் புக்கெட் போனால் கடப்பிதழ் தேவை. அது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் முதியவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. தோட்டத்திலேயே வாழ்நாளைக் கழித்த பலர் இந்த நிலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பயண ஆவணம் கிடைக்கும் என்பதைக் குடிநுழைவுத் துறையில் கேட்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் துறைமுகத்தில் பெற்றோரை விட்டுவிட்டுப் பிள்ளைகள் மட்டும் கப்பல் ஏறும் நிலை வரும்.

கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல்கள் 24 வாரத்துக்கு மேல் ஏற்பதில்லை. கைக்குழந்தைகளுக்கும் வயது வரம்பு உண்டு.

ஏமாற்றப்பட்டால்

மலேசியாவில் உள்ள முகவர் மீது பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். ரசீது, விளம்பரம், புலன உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். மோசடிக் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால், தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைத்துவிட்டுக் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• எல்லாம் சேர்ந்த முழுத் தொகை எவ்வளவு?
• முகவரின் உரிம எண் என்ன? பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது?
• எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறோம்? பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று இடம் மாறும்போது ஈப்போவிலிருந்து போகும் செலவும் மாறும்.
• எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள்?
• பயணக் காப்புறுதி கட்டணத்தில் சேருமா, தனியாக எடுக்க வேண்டுமா?

இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் தருபவரிடம் பதியலாம். வாய்வார்த்தையோடு நிறுத்திக்கொள்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், பணத்தைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.