ஆர்க்கிட் விதை முளைப்பு

பூக்கும் தாவரங்களிலேயே மிக நுண்ணிய விதைகள் ஆர்க்கிட் குடும்பத்தினுடையவை. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. உருப்பெருக்கியில் பார்த்தால் கண்ணாடிபோல் மெல்லிய உறை, அதன் நடுவே சிறு உருண்டையாகக் கரு. வித்திலை இல்லை, முளைசூழ்தசையும் இல்லை. நெல்லுக்கும் அவரைக்கும் தாய்ச்செடி கட்டித்தரும் கட்டுச்சோறு ஆர்க்கிட் விதைக்குக் கிடைப்பதில்லை.

ஒரே ஆர்க்கிட் செடியில் 1,86,300 விதைகள் இருக்கக்கூடும் என்று சார்லஸ் டார்வின் 1862-இல் கணக்கிட்டார். அத்தனையும் முளைத்தால் நான்காம் தலைமுறைக்குள் நிலப்பரப்பு முழுவதையும் மூடிவிடும். அப்படி நடக்காமல் எது தடுக்கிறது என்பது அவருக்கும் விளங்கவில்லை. இத்தனைக்கும் இங்கிலாந்தில் வீச் நாற்றுப்பண்ணையின் ஜான் டாமினி வளர்த்த கலப்பின ஆர்க்கிட் 1856-லேயே பூத்திருந்தது. தாய்ச்செடியின் தொட்டியிலேயே விதையைத் தூவினால் சில முளைக்கும் என்பதைத் தோட்டக்காரர்கள் கைப்பழக்கத்தில் கண்டிருந்தார்கள், காரணம் தெரியாது.

காரணத்தைக் கண்டவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார். 1899 மே மாதம், ராணுவப் பணியிலிருந்த காலத்தில், ஃபோன்டேன்புளோ காட்டில் பறவைக்கூடு ஆர்க்கிட்டின் சாய்ந்த பூந்தண்டு ஒன்று இலைச்சருகுக்குள் புதைந்து கிடப்பதைப் பார்த்தார். அதன் காய்களில் விதைகள் முளைவிட்டிருந்தன. முளைத்த ஒவ்வொன்றிலும் பூஞ்சை இழைகள் ஓடின. பின்னர் ஆர்க்கிட் வேரிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்து, தூய்மையாக்கிய விதைகளோடு சேர்த்து ஆய்வகத்தில் முளைக்கவைத்தும் காட்டினார். 1911-இல், நாற்பது வயதை எட்டாமலே இறந்தார்.

பூஞ்சை விதைக்குள் புகுந்து செல்களில் நூற்கண்டாகச் சுருள்கிறது. செல்கள் அச்சுருளைச் செரித்து உணவாக்க, கரு பருத்து புரோட்டோகார்ம் என்னும் முளைத்திரள் ஆகிறது. பிறகே இலையும் வேரும் வரும். டுலாஸ்னெல்லா, செரட்டோபேசிடியம் போன்றவை வழக்கமான துணைப்பூஞ்சைகள். சில செடிகளுக்கு ஒரே பூஞ்சை போதாது: சீன மருந்துச்செடியான காஸ்ட்ரோடியா எலாட்டா முளைக்க மைசீனா வேண்டும், கிழங்கு பெருக்க ஆர்மிலாரியா வேண்டும்.

1922-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகார் ஊடகத்தில் பூஞ்சையே இல்லாமல் விதைகளை முளைக்கச் செய்தார். பூ வணிகம் குடுவைக்கு மாறியது இதன் பின்னர்தான். ஆனால் காட்டில் சர்க்கரைக் குடுவை கிடையாது.

மண்ணில் விழுந்த விதை என்ன ஆகிறது என்பது நெடுங்காலம் பிடிபடவில்லை. தூசி போன்ற விதையைத் தேடி எடுப்பது எப்படி? 1993-இல் ஆய்வாளர்கள் ஹன்னே ராஸ்முசனும் டென்னிஸ் விகமும் வழி கண்டார்கள். புகைப்பட ஸ்லைடுச் சட்டத்தில் நைலான் வலையைப் பொருத்தி, நடுவே விதைகளை வைத்துப் புதைத்தார்கள். வலைக்கண் வழியே பூஞ்சை நுழையும், விதை வெளியேறாது. வேண்டியபோது தோண்டியெடுத்துப் பார்க்கலாம். இம்முறையால், சில தரைவாழ் இனங்களின் விதைகள் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் மண்ணில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. டிப்யுலேரியா போன்ற ஆர்க்கிட்டுகள் மக்கும் மரக்கட்டையில் நன்றாக முளைப்பதும் உறுதியானது.

ஆகவே ஆர்க்கிட்டைக் காக்க விதையைச் சேமித்தால் மட்டும் போதாது. பூஞ்சையையும் பிரித்தெடுத்துச் சேமிக்க வேண்டும். விழுந்த மரத்தையும் சருகையும் காட்டிலேயே கிடக்க விட வேண்டும்.