தராவா கற்பித்த பாடம்

யுத்தத்தின் வெற்றி தோல்விகளை விதியின்மேல் ஏற்றிப் பேசுவோர் எந்நாட்டிலும் உளர். கடல்வழியே படையிறக்கி எதிரியின் கரையைக் கைப்பற்றும் போரில் அப்பேச்சிற்குச் சிறிதும் இடமில்லை. அங்கே நீரின் ஆழம் ஓரடி குறைந்தால், அதற்கு விலை மனித உயிர். 1943-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் பசிபிக் சமுத்திரத்தில் தொடங்கிய தராவாப் போரே இதற்குச் சான்று.

தராவா, அந்நாளில் கில்பர்ட் தீவுகள் எனப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள பெட்டியோ என்னும் சிறு தீவில் ஜப்பானியர் விமானத்தளம் அமைத்து அரண் செய்திருந்தனர். தீவைச் சூழ்ந்து பவளப்பாறைத் திட்டு இருந்தது. அதனைக் கடக்க அமெரிக்கரின் படகுகளுக்கு ஏறக்குறைய நான்கடி நீர் வேண்டும். அத்தீவுகளில் பல்லாண்டு வாழ்ந்த மேஜர் ஹாலண்ட் என்பார், அரைமதி நாட்களில் கடலேற்றம் குறையும், மூன்றடி நீரும் நில்லாது என எச்சரித்தார். தளபதி ஜூலியன் ஸ்மித் அதனை முற்றும் தள்ளிவிடவில்லை. நடந்து கரையேற நேரலாம் என்று வீரர்களுக்கு அறிவித்தார். ஆயினும், அடுத்த படையெடுப்புகளுக்குக் குறித்த காலம் நெருக்கியமையால் நாள் மாற்றப்படவில்லை.

விளைவு யாது? பாறைமேலும் ஊர்ந்து செல்லவல்ல நீர்நில வண்டிகள் சுமார் 125 இருந்தன. அவற்றில் சென்ற முதலணிகள் கரை சேர்ந்தன. பின்வந்த படகுகள் பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் நீரில் இறங்கி, பன்னூறு கஜ தூரம், இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேரே நடந்தனர். மூன்று நாட்களில் அமெரிக்கர் ஏறக்குறைய ஆயிரவர் மாண்டனர். ஜப்பானிய வீரருள் உயிருடன் பிடிபட்டவர் 17 பேரே. அரண் கட்டும் வேலைக்கெனக் கொண்டுவரப்பட்ட ஏறக்குறைய 1,200 கொரியத் தொழிலாளருள் எஞ்சியவர் 129 பேர். அப்போரினால் இவ்வேழைகள் அடைய இருந்த இலாபம் என்ன?

வெற்றி கிட்டியதென்று அமெரிக்கர் வாளாவிருக்கவில்லை. பிழைகளை ஆராய்ந்தனர். ஜப்பானிய அரண்களைப் போலவே கட்டி, அவற்றைத் தகர்க்கப் பயின்றனர். நீர்நில வண்டிகளைப் பெருக்கினர். நீந்திச் சென்று பாறையையும் ஆழத்தையும் முன்னரே அறிந்து வரும் குழுக்களை ஏவினர். 1944 பிப்ரவரியில் குவாஜலின் தீவுகளைப் பிடித்தபோது அவர்கள் இழந்த உயிர்கள் நானூற்றுக்கும் குறைவே.

இன்றைய சைனியங்களுக்கு வானிலிருந்து கரையைப் படமெடுக்கும் செயற்கைக் கோள்கள் உண்டு; ஆளில்லா விமானங்களும் உண்டு. ஆயினும், அக்கருவிகள் கூறும் உண்மை தலைவர் குறித்த நாளுக்கு இடையூறாய் வருங்கால், மாற்றவேண்டியது நாளையே என்னும் துணிவைக் கருவி தாராது. அது மனிதரிடம் இருக்கவேண்டும். இல்லையேல் அடுத்த கரையிலும் அவ்விலையே கொடுக்க நேரும். கொடுப்போர், நாள் குறித்தவர் அல்லர்.