கூட்டம் போட்டுப் பெற்றெடுத்த ஆட்டம்

அமெரிக்கன் ஃபுட்பாலில் இன்று அதிகச் சம்பளம் வாங்குபவர் குவார்ட்டர்பேக். அணியின் மூளை, முகம், விளம்பரப் பலகை எல்லாமே அவர்தான். 1880-ல் அந்த இடம் உண்டானபோது அவருக்குக் கிடைத்தது ஒரு வேலையும் ஒரு தடையும் மட்டும்தான். பின்னால் தள்ளப்படும் பந்தை முதல் ஆளாகக் கையில் வாங்க வேண்டும். வாங்கிய பந்தோடு முன்னே பாயக் கூடாது. இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த வேலையையும் தடையையும் எழுதியவர் வால்டர் கேம்ப். யேல் பல்கலைக்கழகத்து மாணவர், பிறகு நியூ ஹேவனில் ஒரு கடிகாரக் கம்பெனி அதிகாரி. 1878-லிருந்து சாகும்வரை விதிக் கூட்டங்களில் உட்கார்ந்தவர். 1925-ல் அவர் இறந்ததும் நியூயார்க்கில் அப்படியொரு கூட்டத்துக்கு வந்திருந்தபோதுதான். இந்த ஆட்டம் புல்வெளியில் பாதி, ஓட்டல் அறைகளில் பாதி உருவானது எனலாம். என் கணக்கில் ஓட்டல் அறையின் பங்கு இன்னும் கூடுதல்.

மூலச்சரக்கு ரக்பி. 1874 மே மாதம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து ஆடிக்காட்ட, ஹார்வர்டுக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. 1876-ல் ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரத்து மாசசாய்ட் ஹவுஸ் ஓட்டலில் கல்லூரிகள் கூடி, ரக்பி விதிகளைக் கொஞ்சம் திருத்தி எடுத்துக்கொண்டன. அணிக்குப் பதினைந்து பேர். பந்து ஸ்க்ரம் என்ற நெரிசலுக்குள் போகும். இரு பக்கமும் முட்டிமோதி உதைப்பார்கள். அது யார் காலடியில் எந்தப் பக்கம் வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்து என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்துவைக்க வழியில்லை. கேம்ப்புக்கு இது பொறுக்கவில்லை.

1880-ல் அவர் கேட்டது இரண்டு. ஆட்களைப் பதினொன்றாகக் குறைக்க வேண்டும். 1873-ல் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளிக்காரர்களோடு அணிக்குப் பதினொரு பேர் வைத்து ஆடிப் பார்த்ததிலிருந்தே யேலுக்கு அந்த ஆசை உண்டு. அடுத்தது, பந்து ஓர் அணியின் கையில் இருந்தால் அது அவர்களுக்கே உரியது. அவர்கள் ஆள் அதைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குவான். கபடியில் இப்போது யார் பாடிப் போக வேண்டும் என்பதில் தகராறு கிடையாதே, அந்த மாதிரி. பந்து யாருடையது என்று தெரிந்தவுடனே திட்டம் வந்தது, சைகை வந்தது, ஒத்திகை வந்தது.

இடங்களும் வந்தன. பந்தைத் தள்ளுகிறவன் ஒற்றைக் காலில் நிற்பதால் எதிராளி இடித்தால் குப்புற விழுவான். அவனைக் காக்க பக்கத்துக்கு ஒருவராக இருவர் நின்றார்கள், அவர்கள்தான் கார்டுகள். அவர்களுக்கு அடுத்து டேக்கிள்கள், வரிசையின் இரு கோடியிலும் எண்டுகள். ஆக முன்வரிசையில் ஏழு பேர். அவர்களை ஒட்டிப் பின்னால் குவார்ட்டர்பேக், அவருக்குப் பின்னால் ஹாஃப்பேக் இருவர், கடைசிக் காவலாக ஃபுல்பேக். இந்த ஏழும் நாலும்தான் இன்றைக்கும் இந்த ஆட்டத்தின் எலும்புக்கூடு.

கபடியில் பாடிப் போனவன் முப்பது நொடிக்குள் திரும்பியாக வேண்டும். கேம்ப்பின் விதியிலோ பந்தை எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்றே எழுதவில்லை. பிரின்ஸ்டன் உடனே இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது. 1881-ல் யேலுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் பாதி முழுவதும் பந்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள். முன்னேறவும் இல்லை, விடவும் இல்லை. மறுபாதியில் யேல் அதையே திருப்பிச் செய்தது. இரு தரப்பும் பூஜ்யம். காசு கொடுத்து வந்தவர்கள் எரிச்சலோடு வீடு திரும்பினார்கள்.

1882-ல் ஓட்டையை அடைத்தார்கள். மூன்று வாய்ப்பு, அதற்குள் ஐந்து கஜம் முன்னேறு, இல்லையென்றால் பந்தைக் கொடு. (பத்து கஜம் பின்வாங்கினாலும் பந்து உன்னிடமே இருக்கலாம் என்றொரு விசித்திரச் சலுகையும் அதில் இருந்தது.) இந்த வாய்ப்புக்குத்தான் டவுன் என்று பெயர். ஐந்து கஜத்தை எப்படி அளப்பது? மைதானம் நெடுக ஐந்தைந்து கஜத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. மேலிருந்து பார்த்தால் இறைச்சி வாட்டும் கம்பித்தட்டு மாதிரி இருந்ததால் கிரிடயர்ன் என்ற பேரும் ஒட்டிக்கொண்டது.

கேம்ப்பின் உண்மையான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் நான் இந்த டவுனைத்தான் சொல்வேன். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் ஆட்டம் நின்று, எல்லோரும் எழுந்து, கணக்குப் பார்த்து, மறுபடி தொடங்குகிறது. இந்த ஆட்டத்தை முதல்முறை பார்க்கிற நம்மவர்களுக்குச் சலிப்பூட்டுவதும் இந்த நிறுத்தம்தான், அதில் ஊறிப்போனவர்களுக்கு ருசியே அதுதான்.

கஜக் கணக்கு வந்ததும் அடிதடி கூடியது. ஐந்து கஜம்தானே வேண்டும், கும்பலாக முட்டினால் கிடைத்துவிடும். 1888-ல் இடுப்புக்குக் கீழே முழங்கால்வரை பிடித்து வீழ்த்தலாம் என்றார்கள். முன்வரிசைக்காரர் கையை விரித்து மறிக்கக் கூடாது என்றும் சேர்த்தார்கள். திறந்த வெளியில் ஓடுகிறவன் தப்புவது அரிதாயிற்று. கையை நீட்ட முடியாத முன்வரிசை தோளோடு தோள் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் நடுவில் குவிந்தார்கள்.

1892-ல் ஹார்வர்டுக்கு யோசனை சொன்ன லோரின் டிலண்ட், ஃபுட்பால் ஆடியே அறியாதவர். சதுரங்கப் பித்தர், நெப்போலியனின் போர்முறைகளைப் படித்தவர். அன்றைய விதிப்படி தொடக்க உதையில் பந்தைக் காலால் லேசாகத் தட்டிவிட்டுத் தானே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு யேலுக்கு எதிரான ஆட்டத்தில் டிலண்ட் தன் ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, பந்துக்கு வெகு பின்னால் இரு ஓரங்களில் நிறுத்தினார். இரண்டும் சாய்வாக ஓடிவந்து முழு வேகத்தில் ஒன்றுசேர்ந்து ஆப்பு வடிவமாகும் நொடியில் பந்து தட்டப்படும். பந்து வைத்திருப்பவன் ஆப்புக்குள் பத்திரமாக ஓடுவான். நின்றபடி காத்திருந்த யேல்காரர் ஒருவர்மேல் ஒரு கூட்டமே வந்து மோதும். அன்றைக்கு வென்றது என்னவோ யேல்தான், 6-0. ஆனாலும் நாடெங்கும் அணிகள் இந்த ஆப்பைக் காப்பியடித்தன. தலைக்கவசம் கட்டாயமில்லாத காலம். தலைமுடியை வளர்த்துக்கொண்டு அதையே மெத்தையாக நம்பியவர்கள் உண்டு. 1894-ல் தொடக்க உதை பத்து கஜமாவது போக வேண்டும் என்று சொல்லி ஆப்பை வெட்டினார்கள். கும்பல் முட்டல் வேறு உருவங்களில் தொடர்ந்தது.

1905 பருவத்தில் நாடெங்கும் 18 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பையன்கள். அக்டோபரிலேயே ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். அவர் ஆட்டத்தின் ரசிகர். சொந்த மகனே அந்த ஆண்டு ஹார்வர்டு முதலாண்டு அணியில் ஆடி மூக்கை உடைத்துக்கொண்டான். கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பிக்கு மாறின.

நெரிசல்தான் நோய் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மைதானத்தை அகலப்படுத்தலாம் என்றொரு யோசனை வந்தது. ஹார்வர்டு 1903-ல்தான் கான்கிரீட்டில் பெரிய ஸ்டேடியம் கட்டி முடித்திருந்தது. அதை இடித்தால்தான் அகலம் கிடைக்கும். ஆக மீதியிருந்த வழி, பந்தை முன்னோக்கி எறிய விடுவது. 1906-ல் அது வந்தது. ஐந்து கஜத்தைப் பத்தாக்கினார்கள். இரு முன்வரிசைகளுக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு இடைவெளி விடச் சொன்னார்கள். கேம்ப்புக்குப் பத்து கஜம் பிடித்தது, எறிதல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அந்தத் தயக்கம் விதியிலேயே தெரிந்தது. எறிந்த பந்து யார் மேலும் படாமல் தரையில் விழுந்தால் எதிரணிக்குப் போய்விடும். அந்த செப்டம்பரில் விஸ்கான்சினின் வாகெஷா ஊரில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பந்து அப்படித்தான் பறிபோனது. அதே ஆட்டத்தில் அவர் மறுபடி எறிந்து டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பெறும் புள்ளி) வாங்கிக் கொடுத்தார். 1912-ல் நான்காவது டவுன், டச்டவுனுக்கு ஆறு புள்ளி, கோல் கோட்டுக்கு அப்பால் எறிந்து பிடிக்கப் பத்து கஜப் பகுதி என்று இன்றைய உருவம் வந்தது. குவார்ட்டர்பேக்கின் கால்கட்டு அதற்குள் அவிழ்ந்திருந்தது: 1903-ல் தளர்த்தி, 1910-ல் நீக்கிவிட்டார்கள்.

அதுவரை தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறையால் 1941-ல் கல்லூரிகள் ஆள்மாற்றத்தைத் தாராளமாக்கின. 1945-ல் மிச்சிகன் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர் ராணுவக் கல்லூரியின் பலம் மிக்க ஆர்மி அணியைச் சமாளிக்க, தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம் என்று பிரித்துக் களமிறக்கினார். தோற்றார், முறை மட்டும் நிலைத்தது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல் 1950-ல் அதை நிரந்தரமாக்கியது. உதைப்பதற்கென்றே ஓர் ஆள், பந்தை நெடுந்தூரம் பின்னுக்குத் தள்ளுவதற்கென்றே ஓர் ஆள் என்று இடங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

டிலண்டின் ஆப்பு மட்டும் வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. உதைத்த பந்தைப் பிடித்தவனுக்கு முன்னால் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஆப்பாக ஓடுவது வழக்கமாகி, 2009-ல் என்எஃப்எல் இரண்டு பேருக்கு மேல் சேரக் கூடாது என்றது. 2018-ல் அதுவும் கூடாது என்றது. 2024-ல் தொடக்க உதையையே மாற்றி, இரு அணியையும் கிட்டக்கிட்ட நிறுத்தி, பந்து தரையையோ ஆளையோ தொடும்வரை அசையாதே என்று எழுதினார்கள். ஆட்டக்காரர்கள் உதைத்த பந்தை வாங்கி ஓடாமல் விட்டுவிடுகிறார்கள் என்று அதையும் 2025-ல் திருத்தியாயிற்று.