புகுந்த வீடும் பிறந்த வீடும்: இ.எஸ்.ஐ. சட்டத்தில் ‘குடும்பம்’

இந்திய ஆலைத் தொழிலாளர்களுக்கு நோய்க்காப்பீடு வகுக்கும் பொறுப்பு 1943-இல் பேராசிரியர் பி. பி. அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் அளித்த அறிக்கையை அடியொற்றி 1948-இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது. ஈட்டுறுதி என்பது காப்பீட்டுக்கு அரசுத் தமிழ் வழங்கும் பெயர்; ஆலை வாசலில் அதற்கு இ.எஸ்.ஐ. என்பதே பெயர். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய திட்டம், 1955-இல் பஞ்சாலை நகரமான கோயம்புத்தூருக்கு வந்தது.

தொடக்கத்தில் மருத்துவ உதவி தொழிலாளிக்கு மட்டுமே கிடைத்தது. அதைக் குடும்பத்தாருக்கு விரிக்கும் அதிகாரம் சட்டத்திலேயே இருந்ததால், பின்னர் விரித்தபோது குடும்பம் என்பது யார் யார் என்ற கேள்விக்கு அலுவலகம் அன்றாடம் விடை சொல்ல வேண்டியதாயிற்று. 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பிருந்த வரையறை வாழ்க்கைத்துணையையும், தொழிலாளியைச் சார்ந்து வாழும் வயதுவராத பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டது. தாய் தந்தையரையோ, காப்பீடு பெற்றவர் ஆணாக இருந்தால் மட்டுமே ஏற்றுக்கொண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளப் பிடித்தம் ஒரே விகிதத்தில்தான் இருந்தது. ஆயினும் நூற்புப் பிரிவில் ஒரே ஷிப்டில் நின்ற அண்ணன் தங்கை இருவரில், பெற்ற தாய் அண்ணனுக்கு மட்டுமே குடும்பம், தங்கைக்கு அல்லள். மகள் மணமாகிப் போய்விடுவாள், பெற்றோரைக் காப்பவன் மகனே என்ற வழக்கம் இவ்வாறு சட்ட வாசகமாகி நின்றது. மணமாகாமலே பெற்றோரைக் காத்துவந்த மகளை அவ்வாசகம் கருதவே இல்லை என்பது அதன் பெருங்குறை.

1989-இல் அந்த வேறுபாடு நீங்கியது. படிக்கும் பிள்ளைக்கு 21 வயது வரையிலும், வருமானமின்றிச் சார்ந்திருக்கும் மகளுக்கு மணமாகும் வரையிலும் உரிமை கிடைத்தது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோருக்கு வருமான வரம்பு விதித்ததோடு, மணமாகாத, பெற்றோரை இழந்த தொழிலாளியின் வயதுவராத தம்பி தங்கையரையும் சேர்த்துக்கொண்டது. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ பெண் தொழிலாளியின் மாமனார் மாமியாரையும் குடும்பத்தில் சேர்த்தது.

மருத்துவ உதவிக்குரிய ‘குடும்பம்’ ஒன்று; பணியிடத்து விபத்தில் தொழிலாளி இறந்தால் மாதந்தோறும் உதவித்தொகை பெறும் ‘சார்ந்தோர்’ என்ற பட்டியல் வேறொன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சார்ந்தோர் பட்டியலில் விதவை மருமகளுக்கு வயது வரம்பு இருக்கவில்லை. விதவையான மகளோ வயதுவராதவளாக இருந்தால்தான் இடம்பெற முடிந்தது. மருத்துவ உதவிக்கான வரையறையும் ‘மணமாகாத மகள்’ என்றே பேசியது. ஆகவே, தந்தையின் சம்பளத்தில் பிடித்தம் நடந்துகொண்டிருந்தபோதும், கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி, அங்கே ஒரே உலையில் உண்டு வாழ்ந்த 30 வயது மகளுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தந்தையின் பெயரால் உரிமை இல்லை. ஒருநாள் அவர் ஆலை விபத்தில் இறந்துவிட்டால் சார்ந்தோர் உதவித்தொகையும் அவளுக்கு இல்லை.