வீட்டுக்குள் வந்த கம்பி

கணினி வலையமைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ராணுவத்திலிருந்தும் ஆய்வுக்கூடத்திலிருந்தும் தொடங்குவார்கள். நான் ஒரு வீட்டிலிருந்து தொடங்குகிறேன். மறதிநோய் கண்ட கணவரையோ மாமியாரையோ விட்டு அரைமணி நேரம்கூட வெளியே போக முடியாத பெண் இருக்கும் வீடு அது.

1984இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கிரண்ட்னர் ஒரு சோதனை செய்தார். மோடம் வழியாகத் தொலைபேசியில் தொடர்புகொண்டு யாரும் மருத்துவக் கேள்வி கேட்கலாம். மருத்துவர் பதில் எழுதுவார். அது வளர்ந்து 1986இல் 'கிளீவ்லாந்து ஃப்ரீநெட்' ஆனது. பல்கலைக்கழகக் கணினி ஊர்மக்களுக்குக் கட்டணமின்றித் திறந்தது.

கட்டணம் இல்லைதான், ஆனால் கருவி வேண்டும், பழக்கம் வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்விப் பேராசிரியர் பாட்ரீஷியா ஃபிளாட்லி பிரென்னன், அல்சைமர் நோயாளிகளைப் பராமரிப்பவர்களின் வீடுகளுக்கே முனையங்களைக் கொண்டுபோய் வைத்து, பயன்படுத்தவும் கற்றுக்கொடுத்தார். 'கம்ப்யூட்டர்லிங்க்' என்ற அந்தச் சேவை ஃப்ரீநெட்டில் இயங்கியது. நோயைப் பற்றிப் படிக்கலாம், செவிலியரிடம் கேட்கலாம், தங்களுக்குள் எழுதிக்கொள்ளலாம். நோயாளி உறங்கிய பிறகு, நள்ளிரவிலும். அதிகம் பயன்பட்டது அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பகுதிதான்.

ஆய்வில் பங்கேற்றவர்கள் 102 பேர், பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஓராண்டு முனையம் தரப்பட்டது. 1995இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களுக்கு முடிவெடுப்பதில் நம்பிக்கை கூடியிருந்தது. முடிவெடுக்கும் திறனிலோ தனிமையிலோ மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இதை நான் இப்படி வாசிக்கிறேன். திறன் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. நோயாளி எப்போது சாப்பிடுவார், எதற்குப் பயப்படுவார் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? "நீ செய்வது சரி" என்று சொல்ல ஆளில்லாமல் இருந்தது. அதைக் கம்பி தந்தது. தனிமைக்கோ காரணம் வேறு. ஒருநாள் முறை மாற்றிக்கொள்ள மகனோ அண்ணனோ வராத வீட்டில், எத்தனை கடிதம் வந்தாலும் படுக்கை விரிப்பை மாற்றுவது அவள்தான்.

ஃப்ரீநெட் 1999இல் மூடப்பட்டது. பிரென்னன் 2016இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் முதல் பெண் இயக்குநரானார். இன்று நம் பெண்களுக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, ஆறுதலும் கிடைக்கிறது. நோயாளியின் பக்கத்தில் இன்றிரவு யார் விழித்திருப்பது என்ற கேள்வியை வீட்டு ஆண்களிடமும் அரசிடமும் நாம்தான் கேட்க வேண்டும்.