மடு மாதா திருச்சொரூபப் பயணம்

இலங்கையின் வன்னிப் பெருநிலத்தின் மேற்கே, மன்னார் மாவட்டத்துக் காட்டில் உள்ள மருதமடுத் திருத்தலத்தின் மரியன்னை சொரூபம் ஊர்விட்டு ஊர் சென்ற வரலாறு. இத்தலமே ஒரு பயணத்தில் பிறந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது, 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் சொரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் புகுந்தன என்பது மரபு. 1924 யூலை 2இல் அன்னைக்கு முடி சூட்டப்பட்டது.

2001இல், உள்நாட்டுப் போர் நடுவே, சமாதானம் வேண்டிச் சொரூபம் நாடெங்கும் பங்குகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. மடுவோ அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில். போகவேண்டிய ஊர்களில் பெரும்பாலானவை அரசின் பக்கம். மனிதர் கடக்க அஞ்சிய எல்லையை அன்னை கடந்தாள் என்பதே இப்பயணத்தின் பெருமை. தமிழரும் சிங்களவரும் ஒரே சொரூபத்தின் முன் முழந்தாளிட்டனர்.

2008 ஏப்ரலில் எறிகணைகளுக்கிடையே குருமார் சொரூபத்தை வடக்கே, கடலோரத் தேவன்பிட்டித் தேவாலயத்துக்கு எடுத்துச் சென்றனர். இம்முறை வரவேற்பு வளைவுகள் இல்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் அது மடு திரும்பியது.